எந்தச் சாமி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமிழ்ச் சங்கத்துக் கொட்டகையில் பஜனை மணி அடித்ததும் வடிவுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பேராச்சி அப்போது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். தாராவியில் அவர்கள் இருந்த கோலி என்கிற ஒற்றை அறை மொத்தமே பத்துக்குப் பத்து. அடுப்பு, படுக்கை, தகரப் பெட்டி, சாமி படம் எல்லாமே கைக்கெட்டும் தூரம். ஒன்பது வயதுப் பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பாவாடையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி, பல் கிட்டிப்போய் நின்றது. காய்ச்சல் என்று நினைத்து எழுந்துபோய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

"என்னட்டி செய்யுது?"

 பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே, "சாமி தொடுதும்மா" என்றது. "சாமி வேண்டாம்மா."

பேராச்சிக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்துவிட்டது. கையிலிருந்த மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டு அப்படியே பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டாள். அவள் பிறந்த வீட்டுக்கு இசக்கியம்மன் காவல். மூன்று தலைமுறைக்கு ஒருத்தி மேல் இறங்குவாள் என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஆயிரம் மைல் தாண்டி, சாக்கடையும் தகரமுமாகக் கிடக்கிற இந்தச் சந்துக்குள்ளும் ஆத்தா தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்துவிட்டாளே என்று அவளுக்குக் கண்ணில் நீர் கோத்தது. பிள்ளையின் நெற்றியில் மஞ்சளை அப்பினாள். "ஆத்தா, எம் புள்ளைய வருத்தாத. என்ன வேணுமோ சொல்லு, செய்யுதேன்" என்றாள். பிள்ளை அவளையே பார்த்தது. தாய்க்காரி தன் முன்னால் கைகூப்பி நிற்பதைப் பார்த்த பிறகு அது மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்லும்? அந்தச் சந்தில் 'சாமி' என்றால் இரண்டு பேர். ஒருவர் படத்தில் இருக்கிறவர். மற்றவர் சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிற நம்பிராஜன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் போட்ட துளசி மாலையை அவர் கழற்றவே இல்லை. அதனால் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் சாமி ஆகிவிட்டார். ஊரில் பிறந்த பிள்ளையாக இருந்தால், 'சாமி தொடுதாரு' என்று சொல்லியிருக்கும். ஆள் யாரென்று தெரிந்திருக்கும். பம்பாயில் பிறந்த பிள்ளைகளின் தமிழில் மரியாதைக்கு விகுதி கிடையாது. அப்பா வருது, வாத்தியார் போவுது, பஸ் நிக்குது எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான். தெருவில் நாளெல்லாம் இந்தி பேசிவிட்டு வீட்டுக்குள் வந்து பேசும் அரைகுறைத் தமிழ். பெரியவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்துப் பழகியிருந்தார்கள். அந்தச் சிரிப்பான தமிழில்தான் பிள்ளை தன் உயிர் போகிற விஷயத்தைச் சொல்லியிருந்தது.

சாமி வந்த பிள்ளையைத் தாய்க்காரி யாரிடம் கொண்டுபோவாள்? அன்று இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்து அணைத்தபடி, பேராச்சி நேராக நம்பிராஜனிடமே கொண்டுபோனாள். எழுதும்போதே வயிறு எரிகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

நம்பிராஜன் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. இங்கிலீஷில் மனு எழுதுவார். ரேஷன் கார்டு வாங்கிக் கொடுப்பார். ஊரிலிருந்து ரயில் ஏறி வந்து இறங்குகிறவனுக்குப் பட்டறையில் ஓர் இடம் பிடித்துக் கொடுப்பார். பேராச்சியின் புருஷன் பிச்சையாவுக்கு மாஹிமில் ஜஹாங்கீர் சேட்டின் லேத் பட்டறையில் வேலை கிடைத்ததும் அவர் சொல்லித்தான். சந்தில் அவருக்குக் கடன்படாத வீடு கிடையாது. நன்றி என்பது பெரிய கயிறு. அதில் ஒரு சந்து முழுவதையும் கட்டிப்போடலாம்.

அவர் பிள்ளையைப் பார்த்தார். ஒரு நொடி முகம் மாறியதைப் பேராச்சி பார்த்தாள். சாமிக்குச் சாமியைக் கண்ட பயம் என்று எடுத்துக்கொண்டாள். பேராச்சி சொல்லி முடித்ததும் அவர் கண்ணை மூடினார். திறந்தபோது முகம் தெளிவாகிவிட்டது.

"கன்னி இசக்கி. லேசுல அடங்க மாட்டா. வாற வெள்ளியில இருந்து புள்ளைய மட்டும் எங்கிட்ட விடு. மந்திரக் கட்டு கட்டணும். தாய் தகப்பன் வாசல்லகூட நிக்கப்பிடாது."

"சரி சாமி" என்று சொல்லி, பேராச்சி பிள்ளையின் பிடரியைப் பிடித்து அழுத்தி அவர் காலில் விழவைத்தாள். அந்தச் சின்னக் கழுத்து தன் கைக்கு அடங்காமல் விறைத்து நின்றதும், தான் இன்னும் பலமாக அழுத்தியதும் பின்னால் அவளுக்கு எத்தனையோ நாள் ஞாபகம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையைக் குளிப்பாட்டி, பூ வைத்து, கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வாசலில்கூட நிற்கவில்லை. சொன்ன சொல் தவறாதவள் அல்லவா! திரும்பி வந்த பிள்ளை சாப்பிடவில்லை, பேசவில்லை. சாமி வந்துபோன ஓய்ச்சல் என்று போர்த்திப் படுக்க வைத்தாள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையைக் காணவில்லை. குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால் ஆளில்லை. சந்தெல்லாம் தேடிவிட்டு மூச்சிரைக்க வந்தபோது, சுவருக்கு அடுத்த கோலியிலிருந்து சைனப் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். சைனப்பும் திருநெல்வேலிப் பக்கம்தான், மேலப்பாளையம். புருஷனுக்குத் தோல் கிடங்கில் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒற்றைத் தகரம். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள்.

"எங்க பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு அக்கா. சத்தம் போடாதிய. மொதல்ல உள்ள வந்து கதவைச் சாத்துங்க."

"அதுக்குச் சாமி வந்திருக்கு சைனப். இன்னைக்குக் கட்டு கட்டணும். நேரமாச்சு."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'என்னட்டி பயம்'னேன். 'சாமி தொடுது'ன்னுச்சு. 'எந்தச் சாமி'ன்னு கேட்டேன்." சைனப் குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கு அந்தச் சாமி கெடையாதுல்லா. அதனால நான் ஆளு பேரைக் கேட்டேன் அக்கா. சொல்லிருச்சு."

பெட்டிக்குப் பின்னாலிருந்து வடிவு எட்டிப் பார்த்தது. அம்மாவைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு ஒளிகிறது என்பது பேராச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்தாள். "கூட்டிட்டுப் போவ மாட்டேன்ட்டி. சத்தியமாப் போவ மாட்டேன். சொல்லு" என்றாள். பிள்ளை உடனே வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்து, சைனப்பின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னது. பாதி தமிழ், பாதி இந்தி. அது சொன்னதை இங்கே எழுதிக்காட்டி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. பேராச்சி கேட்டாள். கேட்டு முடித்ததும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள், சைனப் கையைப் பிடித்து நிறுத்துகிறவரை. கொட்டகையில் பஜனை ஆரம்பமாகியிருந்தது. நம்பிராஜனுக்கு நல்ல சாரீரம். அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அந்தக் கோயில் இங்கே சைனப்பின் மடியில் முகம் புதைத்துக் கிடந்தது.

பிச்சையா பட்டறையிலிருந்து வந்ததும் சொன்னாள். எண்ணெய்க் கறைக் கையைக் கழுவாமலே கேட்டுக்கொண்டு நின்றான். நல்ல மனுஷன். குடி கிடையாது, கை நீட்ட மாட்டான். ஆனால் நல்ல மனுஷனாக இருப்பது எல்லா நேரத்துக்கும் போதாது.

"வெளிய சொல்லிட்டியா?"

"சைனப்புக்குத் தெரியும். இப்பமே மாஹிம் போலீஸ் சௌக்கிக்குப் போவம், வாங்க."

"கூறுகெட்டவளே. 'மதராஸியெல்லாம் ஓடு'ன்னு சுவரெல்லாம் எழுதி வச்சிருக்கான். போன வாரம் மாட்டுங்கா பக்கம் ஒரு இட்லிக் கடைய அடிச்சு நொறுக்கிட்டானுவ. இந்த நேரத்துல நாமளே போய் நம்மாளு இப்படின்னு போலீஸ்ல சொன்னா, இந்தச் சந்தையே கொளுத்திருவானுவ. புள்ள பேரும் சந்தி சிரிக்கும். அண்ணாச்சிகிட்ட சொல்லுவோம். அவுக பாத்துப்பாவ."

பம்பாயில் தென்னாட்டுக்காரர்களை விரட்டி அடித்த அந்த வருஷம் அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் ஊரார் பயம் எல்லாம் வரிசையாக வந்து ஒரு பிள்ளையின் வாயைத்தானா பொத்த வேண்டும்?

அண்ணாச்சி என்றது சங்கத் தலைவர் சுயம்புவை. மாவு மில் வைத்திருந்தார். மறுநாள் போனபோது புருவம்வரை மாவு படிந்திருக்க, மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்க ஆரம்பித்ததும் வேலையாளை வெளியே அனுப்பினார். அதிர்ச்சியடைந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு முறை "சிவ சிவா" என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். மாவோடு சேர்த்து அதிர்ச்சியையும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நாளைக்கு, ஞாயித்துக்கெழம காலையில சபை கூட்டுதேன். நம்ம முறைப்படி தீத்துக்குவோம். தப்பு செஞ்சவன் சபையில நெடுஞ்சாண்கிடையா விழணும். கெடுதல் பட்டவுக வந்து தோளைத் தொட்டுத் தூக்கணும். தொட்டுத் தூக்குனா ஊரு பொறுத்தாச்சு. அதுக்கு மேல அந்தப் பேச்சை எவனும் எடுக்கப்பிடாது. எவ்வளவு பெரிய மனுசன் விழுதாரு, யோசிச்சுப் பாரு. அதைவிடத் தண்டனை ஒண்ணு உண்டுமா?"

"தூக்குன பொறவு?" என்றாள் பேராச்சி.

"பொறவு என்ன?"

"பொறவு அவன் திங்கக்கெழம புள்ளையளுக்குக் கிளாஸ் எடுப்பானா?"

சுயம்பு பிச்சையாவைப் பார்த்தார். உன் பெண்சாதியை நீ அடக்கு என்கிற பார்வை. "அவரை விட்டா தமிழ் சொல்லிக்குடுக்க இங்கன ஆளு யாரு இருக்கா?"

"எனக்கு அவன் விழவும் வேண்டாம், எந்திரிக்கவும் வேண்டாம் அண்ணாச்சி. புள்ளையள் இருக்கிற பக்கம் அவன் இனிமே வரப்பிடாது. அது ஒண்ணுதான் கேக்கேன்."

"நாளைக்குச் சபையில பேசுவோம்" என்று சுயம்பு மெஷினை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. உள்ளே பாயில் ஆண்கள். வாசற்படிக்கு வெளியே வெயிலில் பெண்கள். சபையில் பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. பெண் சார்பில் பிராது சொல்வது வீட்டு ஆண். பிச்சையா எழுந்து நின்றான். "நம்ம சாமி... வந்து... எங்க பிள்ளை விஷயமா..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லாமல் சுயம்பு கையை உயர்த்தி, "தெரியும்ப்பா. அந்த விஷயம் சபைக்குத் தெரியும்" என்றார். பக்கத்தில் இருந்த செயலாளர் வானமாமலை, "நடந்தது நடந்துபோச்சு" என்றார். பின்வரிசையில் ஒருவர், "வயசான மனுசனும் சறுக்கத்தான் செய்வான்" என்றார். அந்த விஷயம் என்ன விஷயம், நடந்தது என்ன நடந்தது என்று ஒரு வாயாவது சொல்ல வேண்டுமே! இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று பழமொழி சொல்கிறவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பிடி சோறு போட்டு மறைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவமானமில்லாத மாதிரி காரியம் நடந்தது. அதாவது பெரியவர்கள் யாருக்கும்.

நம்பிராஜன் எழுந்தார். துவைத்த வேட்டி, நெற்றியில் திருநீறு, அந்த மாலை. "தாய் மனசு நொந்திருக்கு. அறியாம எங்கிட்ட ஏதும் பிழை நேந்திருந்தா, சபை சொல்லுதபடி கேக்கேன்" என்றார்.

அறியாமல்! வாசலுக்கு வெளியே பேராச்சி அந்தச் சொல்லைக் கேட்டாள். கதவைச் சாத்தியது அறியாமலா, தாய் தகப்பன் வாசலில் நிற்கக்கூடாது என்றது அறியாமலா என்று அவளுக்குத் தொண்டைவரை வந்தது.

அவர் மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, சிமெண்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கூட்டத்தில் "ச்சு, ச்சு" என்று சத்தம் எழுந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். வடிவு நடுங்கியதற்காக ஒரு தடவைகூடத் துடைக்காத கண்கள் அவை.

"ஆச்சு. வந்து தூக்குங்க" என்றார் சுயம்பு.

பிச்சையா ஓரடி எடுத்து வைத்தான். வானமாமலை முறை தெரிந்தவர், தடுத்துவிட்டார். "பிராது புள்ள பேருல இருக்கு. தகப்பன் தொட்டா செல்லாது. புள்ளதான் வந்து தொடணும். எங்க இருக்கு புள்ள? கூப்புடுங்க. தோள்ல கைய வச்சிட்டுப் போவட்டும், ஒரு நிமிசம்."

சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். முறை என்றால் முறைதானே. பிச்சையா வாசலைப் பார்த்து, "வடிவைக் கூட்டிட்டு வா" என்றான்.

பேராச்சி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அந்தக் கொட்டகைக்குள் சபை நடக்கும்போது ஒரு பெண் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. யாரோ "ஏளா, ஏளா" என்று அதட்டினார்கள். விழுந்து கிடக்கிற ஆளின் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"எம் புள்ள சைனப் வீட்டுல இருக்கா. வர மாட்டா. அவ கை இனிமே இவன் மேல படாது. இவன் கையும் எந்தப் புள்ள மேலயும் படாது."

"ஏ பேராச்சி, சபை மரியாத தெரியாமப் பேசாத" என்றார் சுயம்பு. "தொட்டுத் தூக்காம மனுசன் எப்படி எந்திரிப்பாரு? அவரு எந்திரிக்காம சபை எப்படிக் கலையும்?"

"கலைய வேண்டாம். கெடக்கட்டும்."

"சரி, முறையத் தளத்திக்குவோம். பிச்சையா, நீயே தொட்டுரு."

பிச்சையா குனியப்போனான்.

"தொடுங்க" என்றாள் பேராச்சி. சத்தமே போடவில்லை. "தொட்ட கையோட வீட்டுக்கு வராதிய."

பிச்சையா குனிந்த வாக்கிலேயே நின்றான். தன் கையைப் பார்த்தான். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத பட்டறை எண்ணெய் நகக்கண்ணில் இருந்தது. அந்தக் கிடக்கிற மனுஷன் வாங்கிக் கொடுத்த வேலை. இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு நிமிர்ந்தான். யாரையும் பார்க்காமல் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

அப்போது வாசல் பக்கம் கூட்டம் விலகிற்று. வானமாமலையின் பெண்சாதி கோமதியம்மாள் உள்ளே வந்தாள். கனத்த சரீரம், மெதுவாகத்தான் நடப்பாள். புத்தி சொல்லிப் பேராச்சியை அழைத்துப்போக வருகிறாள் என்று நினைத்து வானமாமலை, "நல்லதாப் போச்சு, நீ கொஞ்சம் சொல்லு" என்றார். அவள் புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேராச்சிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நம்ம சின்னவன் ரெண்டு மாசமா கிளாஸுக்குப் போவ மாட்டேன்னு என் காலைப் பிடிச்சு அழுதான்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "தமிழ் படிக்க ஒனக்கு வலிக்கோன்னு வாரியலால அடிச்சு அடிச்சு அனுப்புனேன். வடிவு விஷயம் காதுல விழுந்த பொறவு, நேத்து ராத்திரிதான் கேட்டேன். சொல்லிட்டான்." மூச்சு வாங்கினாள். "எம் புள்ள பேருலயும் பிராது இருக்கு. நானும் தொட மாட்டேன்."

சொல்லிவிட்டு, இனி நிற்க முடியாது என்பது போல அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முறை சொன்ன வானமாமலை பாயில் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.  பேராச்சியும் கோமதியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே வெயிலில் நின்ற பெண்கள் ஒருத்தி, இரண்டு பேர் என்று படி ஏறி வந்தார்கள். எல்லோர் பிள்ளையும் அந்த வகுப்புக்குப் போகிற பிள்ளை. வந்தவர்கள் உள்ளே இடம் இல்லாமல் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆண்களின் செருப்பெல்லாம் அவர்களுக்குப் பின்னால், வெளியே, வெயிலில் கிடந்தது.

"அம்மா, வழியை விடுங்க" என்றார் சுயம்பு. ஒருத்தியும் அசையவில்லை. சுயம்பு தன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டார். மறுபடி தோளில் போட்டார். கிடந்த ஆள் மெள்ளத் தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தார். வாசலே தெரியவில்லை, சேலைகள்தான் தெரிந்தன. தலையை மறுபடி தரையில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. "பானி ஆயா! பானி ஆயா!" ஒரு நாளைக்கு ஒரு தடவை அரைமணி நேரம் வருகிற முனிசிபாலிட்டித் தண்ணீர். அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளை பெற்று மூன்றாம் நாள் ஆனவளும் எழுந்து ஓடுவாள். முதல் குடத்துக்காக மண்டை உடைந்திருக்கிறது. காலையிலேயே வரிசை போட்டு வைத்திருந்த குடங்களும் தகர டின்களும் வாய் திறந்தபடி அங்கே காத்திருந்தன.

குழாய் முதலில் காற்றைத் துப்பியது. பிறகு தண்ணீர் கல்லில் விழுந்தது. கொட்டகைக்குள் அத்தனை பேருக்கும் அது கேட்டது. பெண்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கல்லில் விழுந்து, சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருந்தது.